ஈரலுக்கும் எரு வேண்டும்
(டாக்டர் வி. இராமலிங்கசுவாமியின் வாழ்வும் பணியும்)

மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவன், கீரனூர்

முன்னுரை

நாட்டை ஆண்டவர்கள், நாட்டுக்காகச் சிறை சென்றவர்கள், காவியம் படைத்தவர்கள் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகள் நம் ஆண்டு மலரில் தவறாமல் இடம்பெறுகின்றன. அவை போற்றத்தக்கவையே. ஆனால், ஆய்வுக் கூடத்தில் எலிகளோடும் குரங்குகளோடும் காலத்தைக் கழித்து, ஏழையின் உணவுக்கும் அவனுடைய கல்லீரலுக்கும் உள்ள உறவை ஆராய்ந்த ஒருவரின் வரலாறு நம்மில் பலருக்குத் தெரியாது. மருத்துவ உலகம் நன்கறிந்த அப்பெரியார் டாக்டர் வுலிமிரி இராமலிங்கசுவாமி ஆவார். அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதை முதலில் கூறிவிடுகிறேன்.

பழனிக்கு வடக்கே உள்ள கீரனூர் என் ஊர். கிணற்று நீரை நம்பிப் பயிர் செய்யும் குடும்பம் எங்களுடையது. இரண்டாண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்தில் என் தந்தையாருக்குக் கண்கள் மஞ்சளித்தன. வயிறு உப்பியது, கால்கள் வீங்கின. மது என்பதைத் தொட்டும் அறியாதவர் அவர். மஞ்சள் காமாலை என்று முடிவு கட்டிய அப்பத்தா, உடனே பத்தியம் விதித்துவிட்டார். எண்ணெய் கூடாது, பருப்பு கூடாது, பால் கூடாது, முட்டை கூடவே கூடாது. மூன்று வேளையும் மோர் கலந்த கஞ்சி மட்டுமே. அப்பத்தாவாவது பழைய வழக்கத்தைச் சொன்னார். விலங்கியல் படிக்கும் நானோ, புரதம் ஈரலுக்குச் சுமை என்று விஞ்ஞானக் காரணம் வேறு கூறி, அம்மா ஒளித்து வைத்துக் கொடுத்த அவித்த முட்டையையும் தடுத்தேன். ஒன்றரை மாதத்தில் அப்பாவின் தோளெலும்பு துருத்திக்கொண்டது. மண்வெட்டி பிடித்த கை, தண்ணீர்ச் செம்பைத் தூக்க நடுங்கியது.

பிறகுதான் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். ஹெபடைடிஸ் பி என்னும் கிருமி பல ஆண்டுகளாக ஓசையின்றி உள்ளே இருந்து ஈரலைத் தழும்பேறச் செய்துவிட்டது என்றார்கள். சிரோசிஸ் என்னும் ஈரல் சுருக்க நோய் அது. நோயைவிட விரைவாக நாங்கள் விதித்த பத்தியமே அவரை உருக்கியது என்று அங்கிருந்த மருத்துவர் என்னைப் பார்த்துக் கூறியபோது, நான் தலை குனிந்தேன்.

அந்த ஆண்டு மாசி மாதம் எங்கள் துறையினர் குன்னூருக்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். அங்குள்ள பாஸ்டர் நிலையத்தைக் காட்டிய எங்கள் விரிவுரையாளர், நாய்க்கடி மருந்தைப் பற்றிச் சொல்லி முடித்தபின், இதே வளாகத்தில்தான் இந்திய ஊட்டச்சத்து ஆராய்ச்சியும் பிறந்தது என்றும், புரதம் குறைந்தால் ஈரல் என்னாகும் என்பதை இங்கே ஓர் இளைஞர் ஆராயத் தொடங்கினார் என்றும் கூறினார். மற்றவர்கள் தேயிலைத் தோட்டத்தைப் பார்க்கச் சென்றுவிட்டனர். நான் அவர் அருகிலேயே நின்று அந்த இளைஞரின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

பிறப்பும் கல்வியும்

இராமலிங்கசுவாமி 1921ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் ஸ்ரீகாகுளத்தில் பிறந்தார். இன்று ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்த அவ்வூர், அன்று நம்முடைய சென்னை மாகாணத்தின் வடகோடியில் இருந்தது. விசாகப்பட்டினத்து ஆந்திர மருத்துவக் கல்லூரியில் பயின்று 1944இல் மருத்துவப் பட்டமும், 1946இல் எம்.டி. பட்டமும் பெற்றார். அவர் மாணவராக இருந்த ஆண்டுகள் போரும் பஞ்சமும் சேர்ந்து வாட்டிய ஆண்டுகள். 1943இல் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். அரிசிக்கு மக்கள் வரிசையில் நின்ற அக்காலத்தில் மருத்துவம் கற்ற ஓர் இளைஞர், வருவாய் தரும் மருத்துவத் தொழிலை நாடாமல், உணவுக் குறைவால் வரும் நோய்களை ஆராயப் புகுந்தார் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

குன்னூர் நாட்கள்

1918இல் இராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் சிறிய அளவில் தொடங்கிய பணியே பின்னர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடங்களாக வளர்ந்தது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தவர் மெக்காரிசன். கோதுமை, பால், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் செழித்தன. அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாணத்து ஏழை உணவை உண்ட எலிகள் நலிந்தன. நம்மவர் உணவின் குறையை நம் மலையிலேயே எலிகள் எடுத்துக்காட்டின என்றால் மிகையாகாது.

அத்தகைய கூடத்தில் 1947இல் சேர்ந்தார் இராமலிங்கசுவாமி. 1954 வரை அவருடைய பணி குன்னூரைச் சார்ந்தே இருந்தது. அன்று மருத்துவர்களைக் கலங்கச் செய்த நோய் ஒன்று இருந்தது. தாய்ப்பால் மறந்த குழந்தைகள் கஞ்சியை மட்டுமே குடித்து வளர்ந்தபோது, கால் வீங்கி, முகம் உப்பி, முடி நிறம் மாறி, எதிலும் நாட்டமின்றிச் சோர்ந்து கிடந்தன. ஆப்பிரிக்காவில் குவாஷியார்க்கர் என்று பெயர் பெற்ற புரதக் குறைவு நோய் அது. அக்குழந்தைகளின் ஈரலில் கொழுப்பு மண்டிக் கிடந்தது. உணவே போதாத குழந்தையின் ஈரலில் கொழுப்பு எங்கிருந்து வந்தது?

விடை வியப்புக்குரியது. ஈரல் தான் சேர்த்த கொழுப்பை வெளியே அனுப்ப வேண்டுமானால் அதைப் புரதத்தோடு பிணைத்தே அனுப்ப முடியும். வண்டி இல்லாவிட்டால் களத்து நெல் களத்திலேயே கிடப்பது போல, புரதம் இல்லாவிட்டால் கொழுப்பு ஈரலிலேயே தங்கிவிடுகிறது. புரதம் நிறைந்த உணவைக் கொடுத்தால் ஈரல் மெல்ல மெல்லத் தெளிந்துவிடும். ஸ்ரீராமாச்சாரி, பட்வர்த்தன் முதலிய குன்னூர் ஆய்வாளர்களோடு சேர்ந்து, புரதக் குறைவு ஈரலையும் கணையத்தையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதை அவர் ஆராய்ந்தார்.

இடையில் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகம் சென்று 1951இல் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே ஹியூ சின்க்ளேருடன் அவர் எடுத்துக்கொண்ட பொருளும் உணவைப் பற்றியதே. வைட்டமின் ஏ சத்தும், உடலுக்கு இன்றியமையாத சில கொழுப்புச் சத்துகளும் குறைந்தால் தோல் எவ்வாறு முள்முள்ளாகத் தடிக்கிறது என்பதை எலிகளிடம் கண்டு 1953இல் இருவரும் வெளியிட்டனர். சீமைக்குச் சென்றும் நம் ஏழைகளின் தோலை அவர் மறக்கவில்லை.

வெட்டினாலும் வளரும் உறுப்பு

இங்கே ஈரலின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். பிற துறை நண்பர்கள் பொறுத்தருள்க.

வளர்ந்த மனிதனின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. குடலில் உறிஞ்சப்படும் சத்துகளில் பெரும்பாலானவை இரத்தத்தோடு முதலில் ஈரலுக்கே செல்கின்றன. சர்க்கரையைச் சேமிப்பது, நஞ்சை முறிப்பது, பித்தம் சுரப்பது, இரத்தம் உறைவதற்கான புரதங்களை ஆக்குவது எனப் பல தொழில்களை அது செய்கிறது. இவ்வளவு சுமையைத் தாங்கும் உறுப்புக்கு இயற்கை ஒரு தனி வரமும் அளித்திருக்கிறது. 1931இல் அமெரிக்காவில் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்னும் இருவர், எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்த்தனர். எஞ்சிய ஒரு பங்கு, சில நாட்களிலேயே ஏறத்தாழப் பழைய எடைக்கு வளர்ந்துவிட்டது! மனிதனிடமும் இத்தன்மை உண்டு. உறவினருக்கு ஈரலின் ஒரு பகுதியைத் தானம் செய்தவரின் ஈரல் சில மாதங்களுக்குள் பெருமளவு வளர்ந்துவிடுகிறது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. கரும்பை வெட்டி ஆலைக்கு ஏற்றிய பிறகு, மண்ணில் நிற்கும் கட்டையிலிருந்து மீண்டும் தழைப்பதை மறுதாம்பு என்போம். புதுக் கரணை நட வேண்டியதில்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்ல வேண்டும். கரும்பு வெட்டிய இடத்திலேயே துளிர்க்கும். ஈரலிலோ வெட்டிய மடல் திரும்ப முளைப்பதில்லை. எஞ்சிய மடல்களில் உள்ள உயிரணுக்கள் பிளந்து பெருகி, இழந்த எடையை ஈடு செய்கின்றன.

ஆனால் மறுதாம்பு தானாக வந்துவிடுமா? கட்டை சீவி, எரு இட்டு, நீர் பாய்ச்சாத மறுதாம்பு விரல் பருமன்கூட வளராது என்பது எந்தக் குடியானவனுக்கும் தெரியும். ஈரலுக்கும் அப்படியே. ஓர் உயிரணு இரண்டாக வேண்டுமானால் அதற்குப் புதிய புரதம் வேண்டும். புதிய மரபுப் பொருள் வேண்டும். அவற்றுக்கான மூலப்பொருள் உணவிலிருந்தே வர வேண்டும். உணவில் புரதம் இல்லாதபோது உயிரணுக்கள் மீண்டும் பெருகும் ஆற்றல் என்னவாகிறது? இந்த வினாவைத்தான் இராமலிங்கசுவாமி தில்லியில் எடுத்துக்கொண்டார்.

தில்லியில் ஆராய்ச்சி

1956இல் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் தில்லியில் நிறுவப்பட்டது. மறு ஆண்டே அதன் நோயியல் பேராசிரியராக இராமலிங்கசுவாமி பொறுப்பேற்றார். எலியிடம் கண்டதை மனிதனுக்குச் சொல்வதற்கு முன், மனிதனுக்கு நெருங்கிய விலங்கிடம் பார்த்துவிட வேண்டும் என்பதால், அவரும் அவருடைய மாணவர் எம். ஜி. தேவும் குரங்குகளுக்குப் புரதம் குறைந்த உணவைக் கொடுத்து ஆராய்ந்தனர். குழந்தைகளின் ஈரலில் காணப்பட்டது போன்ற கொழுப்புப் படிவை, புரதக் குறைவால் மட்டுமே குரங்கின் ஈரலில் உண்டாக்கிக் காட்டி 1960இல் வெளியிட்டனர். 1967இல் தேவ், மாத்தூர், இராமலிங்கசுவாமி ஆகிய மூவரும், புரதக் குறைவில் உயிரணுக்கள் மீண்டும் பெருகுவது பற்றி எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்ற நேச்சர் இதழில் வெளிவந்தது.

அக்கட்டுரையின் தலைப்பை முதன்முதலில் படித்தபோது எனக்கு அப்பாவின் கஞ்சிக் கிண்ணமே கண்முன் நின்றது. நான் பிறப்பதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டுவிட்ட கேள்வி அது. விலங்கியல் படித்தும் நான் அதைக் கேட்கவில்லை.

சிரோசிஸ் நோயையும் அவர் தனியே ஆராய்ந்தார். விக், சாமா என்னும் மருத்துவர்களோடு சேர்ந்து, வட இந்தியாவில் காணப்படும் சிரோசிஸ் பற்றிய விரிவான ஆய்வை 1962இல் வெளியிட்டார். புரதக் குறைவே சிரோசிஸுக்கு நேர்க் காரணம் என்று அக்காலத்தில் பலர் கருதி வந்தனர். அக்கருத்து பின்னர் நிலைக்கவில்லை. கிருமி, மது, உலோக நச்சு, அளவு மிஞ்சிய கொழுப்பு ஆகியவையே ஈரலைத் தொடர்ந்து புண்படுத்துகின்றன. புண் ஆறும்போது தழும்பு விழுகிறது. தழும்புகளுக்கு இடையே உயிரணுக்கள் கட்டை கட்டையாகப் பெருகி ஈரல் முழுவதும் முண்டும் முடிச்சுமாகிவிடுகிறது. சிரோசிஸ் நோயாளியின் ஈரல் வளர முயலாமல் இருப்பதில்லை. வளர்கிறது, ஆனால் ஒழுங்கின்றி வளர்கிறது. புண்படுத்தும் காரணத்தை நிறுத்தி, வேண்டிய உணவையும் கொடுத்தால் எஞ்சிய ஈரல் தன் தொழிலைத் தாங்கிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. காரணத்தை நிறுத்துவதற்கு மருந்து, தாங்குவதற்கு உணவு. இரண்டில் ஒன்று குறைந்தாலும் வண்டி ஒற்றைச் சக்கரத்தில்தான் ஓட வேண்டும்.

பால் காய்ச்சிய பாத்திரம்

நம் தாய்மார்களைப் பல தலைமுறைகளாக அழச் செய்த நோய் ஒன்று உண்டு. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வயிறு பருத்து, ஈரல் கல்லாக இறுகி, பெரும்பாலும் மரணத்தில் முடியும் நோய் அது. ஒரே வீட்டில் அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்ததும் உண்டு. உலக மருத்துவ நூல்களில் இந்தியக் குழந்தைச் சிரோசிஸ் என்றே அதற்குப் பெயர். இராமலிங்கசுவாமியும் அவருடைய துறையைச் சேர்ந்த என். சி. நாயக்கும் இந்நோயின் தன்மையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து எழுதினர்.

காரணத்தின் முடிச்சு பின்னர் அவிழ்ந்தது. அக்குழந்தைகளின் ஈரலில் செம்பு அளவுக்கு மீறிச் சேர்ந்திருப்பது 1970களின் இறுதியில் தெரியவந்தது. 1983இல் டேனர் என்னும் ஆங்கில மருத்துவரும் பூனாவைச் சேர்ந்த மருத்துவர்களும், பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலைக் குழந்தைக்கு மிக இளம் வயதிலேயே கொடுப்பது காரணமாகலாம் என்று எடுத்துக்காட்டினர். இதைப் படித்தபின் அப்பத்தாவிடம் கேட்டேன். எங்கள் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஈயம் பூசுவார்கள் என்றும், பூச்சு தேய்ந்த பாத்திரத்தில் பாலோ புளியோ வைக்கக்கூடாது என்று அவருடைய மாமியார் கண்டிப்பாகக் கூறுவார் என்றும் சொன்னார். பத்தியத்தில் தவறிய அப்பத்தா, பாத்திரத்தில் தவறவில்லை! பழைய வழக்கம் எல்லாம் மடமையும் அன்று, எல்லாம் மேன்மையும் அன்று. ஒவ்வொன்றையும் உரைத்துப் பார்க்க வேண்டும் என்பதை அன்று உணர்ந்தேன். எவர்சில்வர் பாத்திரங்கள் பரவியதும், இந்த விழிப்பு வளர்ந்ததும் சேர்ந்து அந்நோய் இன்று காண்பதற்கே அரிதாகிவிட்டது.

ஒரு பிடி உப்பு

இராமலிங்கசுவாமியின் பெயரை உலகமறியச் செய்த மற்றொரு பணி இமயமலை அடிவாரத்தில் நடந்தது. காங்கிரா பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு முன்கழுத்துக் கழலை நோய் இருந்தது. மண்ணில் அயோடின் இல்லாமையே காரணம். 1956இல் தொடங்கி, ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் வாழ்ந்த பகுதியை மூன்றாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் அவருடைய குழுவினர் வழங்கச் செய்தனர். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. பயன் உறுதியானதும் மூன்றாவது பகுதிக்கும் அதே உப்பு வழங்கப்பட்டது. 1962இல் இந்திய அரசு தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று நம் வீட்டு அடுக்களையில் உள்ள உப்புப் பொட்டலத்தில் அயோடின் என்ற சொல்லைக் காணும்போது அப்பெரியாரை நினைக்கலாம்.

அறுவைக் கத்தியோ விலையுயர்ந்த மருந்தோ இன்றி, ஒரு பிடி உப்பால் ஒரு நோயை ஓட்டினார். வள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதில் பெரும்பகுதியும் உணவைப் பற்றியே பேசியதன் பொருள் இத்தகையோர் வாழ்வில் விளங்குகிறது.

பொறுப்பும் நெறியும்

1969 முதல் 1979 வரை அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராகவும், 1979 முதல் 1986 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் அவர் விளங்கினார். 1984 டிசம்பரில் போபாலில் நச்சுக் காற்று பரவியபோது அவர் அப்பொறுப்பில் இருந்தார்; பாதிக்கப்பட்டோரைப் பற்றிய நீண்டகால ஆய்வுகளை அக்கழகம் மேற்கொண்டது.

அவர் தலைமை ஏற்ற மறு ஆண்டு, 1980இல், மனிதர்களை வைத்து நடத்தும் ஆராய்ச்சியில் பின்பற்ற வேண்டிய அறநெறிகளை அக்கழகம் முதன்முதலாக வகுத்து வெளியிட்டது. இது கோப்பில் உறங்கும் செய்தி என்று நான் நினைத்திருந்தேன். அது எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து உதவியது. அக்கதையைச் சொல்லியாக வேண்டும்.

அப்பா சிறிது தேறிவந்த காலத்தில், என் தாய்மாமா ஒரு செய்தியோடு வந்தார். ஒரு பெருநகரத்தில் தனியார் மையம் ஒன்று, ஸ்டெம் செல் என்னும் குருத்தணுக்களைச் செலுத்திச் சுருங்கிய ஈரலைப் புதிதாக வளர்த்துவிடுவதாகச் சொல்கிறதாம். கட்டணம் பல இலட்சம். கிணற்றடி நிலத்தை விற்றால் பணம் வந்துவிடும் என்று மாமா கணக்கும் போட்டுவிட்டார். அம்மா பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தார். மச்சானைக் காப்பாற்ற வேண்டுமே என்ற துடிப்பு மாமாவுக்கு. அவர் மீது குறை சொல்ல மாட்டேன்.

நான் நூலகத்தில் தேடினேன், விரிவுரையாளர்களைக் கேட்டேன். உயிரணுக்களைக் கொண்டு ஈரலுக்கு வைத்தியம் செய்யும் முயற்சி வெறும் கற்பனை அன்று. 1994இல் ஐதராபாத்தில் ஹபீபுல்லா குழுவினர், திடீரென ஈரல் செயலிழந்த நோயாளிகளின் வயிற்றறையில் கருவின் ஈரல் உயிரணுக்களைச் செலுத்திப் பார்த்து, அதன் முடிவுகளை வெளியிட்டனர். பல நாடுகளில் இத்தகைய ஆராய்ச்சி நடந்து வருகிறது. ஆனால், முயற்சி வேறு, முடிந்த மருந்து வேறு. பிரிட்டனில் சிரோசிஸ் நோயாளிகளுக்கு எலும்பு மச்சைக் குருத்தணுக்களை இரத்தத்தில் பெருகச் செய்தும், அவற்றைப் பிரித்தெடுத்துத் திரும்பச் செலுத்தியும் நடத்திய ஒழுங்கான சோதனையின் முடிவு 2018இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பயன் காணப்படவில்லை. இரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு அன்றி, மற்ற நோய்களுக்குக் குருத்தணுக்களைப் பயன்படுத்துவது ஆராய்ச்சியே தவிரச் சிகிச்சை ஆகாது என்றும், அதை அனுமதி பெற்ற சோதனையாக மட்டுமே செய்ய வேண்டும் என்றும் 2017ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. அந்நெறிகளை வெளியிட்டதில் முதற்பங்கு, இராமலிங்கசுவாமி ஒருகாலத்தில் தலைமை தாங்கிய அதே ஆராய்ச்சிக் கழகத்துக்கு உண்டு.

மாமாவிடம் மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இது பதிவு பெற்ற சோதனையா? சோதனையாயின் நோயாளியிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்? சிகிச்சையாயின் அதன் பயனைக் காட்டும் ஆய்வு எங்கே வெளிவந்தது? மாமா தொலைபேசியில் கேட்டார். உடனே வந்து சேருங்கள் என்ற பதிலைத் தவிர வேறு பதில் வரவில்லை. அம்மா பத்திரத்தை மீண்டும் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

பிற்கால வாழ்வு

பதவி முடிந்த பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1955-56இல் தில்லிக் குடிநீரில் சாக்கடை கலந்ததால் ஏறத்தாழ முப்பதாயிரம் பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. அத்தகைய நீர்வழிக் காமாலை தனி ஒரு கிருமியால் வருவது என்றும், கருவுற்ற பெண்களை அது கடுமையாகத் தாக்குகிறது என்றும் பின்னர் தெளிவாயிற்று. அதைப் பற்றி அமெரிக்க அறிஞர் பர்செல்லுடன் சேர்ந்து 1988இல் அவர் எழுதினார். 1994இல் சூரத்தில் பிளேக் அச்சம் பரவியபோது அரசு அமைத்த வல்லுநர் குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

1996இல் யுனிசெப் வெளியீட்டில் வேறு இருவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை பெரிதும் பேசப்பட்டது. ஆப்பிரிக்காவைவிடத் தெற்காசியாவில் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவு ஏன் மிகுதியாக உள்ளது என்பது வினா. பெண்களின் தாழ்ந்த நிலையே அதற்கு வேராக உள்ளது என்பது அவர்கள் கண்ட விடை. கடைசியாக உண்ணும் தாய், எடை குறைந்த குழந்தையைப் பெறுகிறாள். அக்குழந்தை எடை குறைந்தே வளர்கிறது. நுண்ணோக்கியில் ஈரல் உயிரணுவைப் பார்க்கத் தொடங்கியவர், இறுதியில் வீட்டின் அடுக்களையில் யார் எப்போது உண்கிறார்கள் என்பதைப் பார்த்தார். இரண்டும் ஒரே பார்வைதான்.

1976இல் உலக சுகாதார நிறுவனத்தின் லியோன் பெர்னார்டு பரிசும், 1986இல் இலண்டன் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்னும் சிறப்பும் அவரை நாடி வந்தன. 2001ஆம் ஆண்டு மே 28ஆம் நாள், தம் 79ஆம் வயதில் அவர் மறைந்தார்.

முடிவுரை

அப்பாவின் நிலையைக் கூறாமல் முடிப்பது முறையாகாது. அவர் குணமாகிவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் விஞ்ஞானம் பயிலும் மாணவன் ஆசையை எழுதக்கூடாது. விழுந்த தழும்பு பெரும்பகுதி அப்படியேதான் இருக்கிறது. கிருமியை அடக்கும் மாத்திரையை நாள்தோறும் உண்கிறார். 2018இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் தடுப்புத் திட்டத்தின்கீழ் அது அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. பத்தியம் ஒழிந்தது. சிரோசிஸ் நோயாளிக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பதும், இரவு நெடுநேரம் வெறும் வயிற்றோடு கிடக்கக்கூடாது என்பதும் இன்றைய மருத்துவத்தின் அறிவுரை. ஆகவே காலையில் முட்டை, பகலில் பருப்பு, மாலையில் அவித்த பயறு, படுக்கும் முன் பாலும் சத்துமாவும் கொடுக்கிறோம். உப்பை மட்டும் குறைத்திருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குச் செல்கிறோம். என்றேனும் ஈரல் மாற்று அறுவை தேவைப்படலாம் என்பதும் எங்களுக்குத் தெரியும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடமுண்டு என்பதையும் கேட்டு வைத்திருக்கிறோம். எங்கள் வீட்டில் மற்ற எல்லோரும் இரத்தச் சோதனை செய்து, ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் போட்டுக்கொண்டோம்.

வயிற்று நீர் வடிந்து, தோளில் சதை வைத்திருக்கிறது. சென்ற தை மாதம் கரும்பு வெட்டியபின் அப்பா மண்வெட்டியுடன் வயலுக்கு வந்தார். வேலை செய்ய வேண்டாம் என்று நான் தடுத்ததால், வரப்பில் அமர்ந்து, கட்டை சீவுபவர்களுக்கு எங்கெங்கே எவ்வளவு எரு வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எரு போடாமல் மறுதாம்பு வருமா என்று அவரிடம் சும்மா கேட்டுவைத்தேன். இவ்வளவு படித்தவன் கேட்கும் கேள்வியா இது என்பது போல் என்னைப் பார்த்தார்.

நண்பர்களே! புதிய மருந்துகளும், உயிரணுச் சிகிச்சைகளும் நாளை வரக்கூடும், வர வேண்டும். நம்மில் சிலரே அந்த ஆராய்ச்சியில் ஈடுபடவும் கூடும். அன்று குன்னூர் மலையில் ஓர் இளைஞர் கேட்ட கேள்வியை நாம் மறவாதிருப்போம். நோயாளியின் ஈரலைப் பார்க்கும் முன், அவன் என்ன சாப்பிட்டான் என்று கேட்போம்.